மே-ஜூன் கரண்ட் பில்: 612 யூனிட்டுக்கு 2,993 ரூபாய் சரியா? தவணையில் கட்ட வழி இருக்கா?

ஆனையூர் மாடிவீடு | 5 ஜூலை 2025

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில வாடகை வீடு, மாடி போர்ஷன். எங்களுக்குத் தனி மீட்டர், சிங்கிள் பேஸ். கீழே வீட்டுக்காரர், அவருக்கு வேற மீட்டர்.

போன பில் 470 யூனிட், 1,616 ரூபாய். இப்ப 612 யூனிட், 2,993 ரூபாய். கூடுனது 142 யூனிட்டுதான். கடைசி ரேட்டான 6.30 போட்டுப் பார்த்தாலும் 895 ரூபாய்தான் கூடணும். ஆனா 1,377 கூடியிருக்கு. ஜூலை 1-ல ரேட் ஏத்துனாங்களே, அதைச் சேர்த்துட்டாங்களா?

போன ரீடிங் ஏப்ரல் 28, இந்த ரீடிங் ஜூலை 4. வீட்டுல மூணு சீலிங் ஃபேன் (பழசு, ஒவ்வொண்ணும் நாளுக்கு 10 மணி நேரம் வச்சுக்கலாம்), ஒன்றரை டன் 3 ஸ்டார் ஏசி ராத்திரி 10-ல இருந்து 2 வரைக்கும், ஒரு ஃப்ரிட்ஜ், டிவி, எல்இடி லைட். மோட்டர் கீழ்வீட்டு லைன்.

கேள்வி மூணு. கணக்கு சரியா? பில்லுக்கு உச்சவரம்புன்னு ஏதும் கிடையாதா? மொத்தமா கட்ட இந்த மாசம் கை கடிக்குது, தவணை கேட்க முடியுமா?

---

கணக்குப்புள்ளை

கணக்கு சரிதான். ஜூலை ஏற்றத்துக்கும் உங்கள் பில்லுக்கும் சம்பந்தம் இல்லை. 2025 ஜூலை 1-ல் வந்த 3.16 சதவீத ஏற்றத்தில் வீட்டு இணைப்புகளின் பங்கை அரசே மானியமாக ஏற்றுக்கொண்டது. நாம் கட்டுவது 2024 ஜூலை 1 முதல் இருக்கும் அதே விகிதம்.

இடறியது 500-ல். வீட்டு இணைப்புக்கு இருப்பது ஒரே விலைப்பட்டியல் இல்லை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஒன்று, 501 ஆகிவிட்டால் முதல் யூனிட்டிலிருந்தே வேறொன்று.

500 வரை:
1–100: இலவசம்
101–200: 2.35
201–400: 4.70
401–500: 6.30

500-ஐத் தாண்டினால்:
1–100: இலவசம்
101–400: 4.70
401–500: 6.30
501–600: 8.40
601–800: 9.45
801–1,000: 10.50
1,000-க்கு மேல்: 11.55

101 முதல் 200 வரை உள்ள அரை விலைச் சலுகை இரண்டாவது பட்டியலில் இல்லை. அந்த 235 ரூபாய் பின்னோக்கிப் போய்விடும். உங்கள் 1,377 ரூபாயைப் பிரித்துப் பார்த்தால்:

471–500, 30 யூனிட் × 6.30 = 189.00
501–600, 100 யூனிட் × 8.40 = 840.00
601–612, 12 யூனிட் × 9.45 = 113.40
பறிபோன சலுகை = 235.00
மொத்தம் = 1,377.40

சரியாக 500 யூனிட் ஓட்டினால் 1,805 ரூபாய். 501 ஓட்டினால் 2,048.40. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு. வீட்டு மின்கட்டணத்தில் வேறெங்கும் இப்படியொரு பள்ளம் கிடையாது. 600, 800 தாண்டும்போது கூடுவது அந்தந்த ஸ்லாப்பின் (விலைப்படியின்) விலை மட்டுமே.

உச்சவரம்பு பற்றி. மொத்தப் பில்லுக்கு வரம்பு எதுவும் இல்லை. வரம்பு இருப்பது ஆண்டுதோறும் ஏற்றும் விகிதத்துக்கு. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2022 செப்டம்பர் ஆணைப்படி, ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசிக் குறியீட்டு உயர்வு அல்லது 6 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதுதான் ஏறலாம். 2023-ல் 2.18, 2024-ல் 4.83, 2025-ல் 3.16. இதில் 2024-ஐத்தான் வீட்டு இணைப்புகள் கட்டுகின்றன. மற்ற இரண்டும் மானியத்தில் போயின. செய்தித்தாளில் 4.80, 6.45, 8.55 என்று பார்த்துவிட்டு நம் பில்லில் 4.70, 6.30, 8.40 இருப்பதற்குக் காரணம் அந்த மானியம்.

இன்னொன்று, யாரும் கேட்காதது: உங்கள் சுழற்சி 60 நாள் இல்லை, 67 நாள். ஏப்ரலில் 2, மே 31, ஜூன் 30, ஜூலை 4. நாள் கூடியதற்காக ஸ்லாப் நீளாது. 612-ஐ 67-ஆல் வகுத்தால் நாளுக்கு 9.13 யூனிட், 60 நாளுக்கு 548. அதற்குப் பில் 2,443. ஆக, பிந்திய ஏழு நாளுக்கு இந்தப் பில்லில் 550 ரூபாய் போயிருக்கிறது.

உடனே 550 நஷ்டம் என்று மனு எழுதிவிடாதீர்கள். அந்த 64 யூனிட் அடுத்த பில்லில் வராது. அடுத்த சுழற்சி சரியான தேதியில் முடிந்து, 450 வரவேண்டிய இடத்தில் 386 வந்தால், அங்கே 381 ரூபாய் மிச்சம். நிகர நஷ்டம் 170 பக்கம். அடுத்ததும் பிந்தினால்தான் அந்த மிச்சம் திரும்பாது. ஆகவே செப்டம்பர் 2-ஐ ஒட்டி ஆள் வருகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் அன்றைக்கே மீட்டரைத் தேதியோடு படம் எடுத்து வைத்து, பிரிவு அலுவலகத்தில் சொல்லுங்கள்.

---

பீஸ்கட்டை

தம்பி, கணக்கு போட்டவர் சொன்னது சரி. ஆனா அந்த 612 உங்க வீட்டுல ஓடுனதுதானா? நீங்க கொடுத்த லிஸ்ட்ட வச்சு நானும் கூட்டிப் பார்த்தேன்.

ஏசி: பழைய ஒன்றரை டன், கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓடுறதையும் சேர்த்து மணிக்கு ஒரு யூனிட் வைங்க. 4 × 67 = 268.
ஃபேன்: 75 வாட் × 3 × 10 மணி × 67 நாள் = 151.
ஃப்ரிட்ஜ்: நாளுக்கு ஒரு யூனிட், 67.
லைட், டிவி, மிக்சி, சார்ஜர் எல்லாம் சேர்த்து 45.
மொத்தம் 531. மீதி 81 யூனிட்டு எங்க போச்சு?

ஏசி கொஞ்சம் கூட இழுத்திருக்கலாம், மே மாச வெயிலு அப்படி. இல்லாட்டி மாடி போர்ஷன்ல அடிக்கடி பார்க்குற கோளாறு ஒண்ணு இருக்கு: நியூட்ரல் கலப்பு. பேஸ்ங்கிறது கரண்டு வர்ற வயர், நியூட்ரல்ங்கிறது திரும்பிப் போற வயர்; ரெண்டு வீட்டு நியூட்ரலும் ஒண்ணா சேர்ந்து கிடக்குறதுதான் கலப்பு. இதைப் பார்க்க காசு செலவில்லை.

முதல்ல ஏசி, ஃப்ரிட்ஜ் எல்லாத்தையும் சுவிட்ச்சுல நிறுத்துங்க. அப்புறம் மெயினை இறக்குங்க. மீட்டர்ல சின்ன சிவப்பு லைட் சிமிட்டும்ல, அதை அஞ்சு நிமிஷம் பாருங்க. ஒரு சிமிட்டுகூட வரக்கூடாது. வந்தா வீட்டுக்காரர்ட்ட சொல்லிக் கீழ்வீட்டு மெயினையும் ஒரு நிமிஷம் இறக்கச் சொல்லுங்க. அப்ப நின்னுருச்சுன்னா கீழ்வீட்டுக் கரண்டு உங்க நியூட்ரல் வழியா திரும்புதுன்னு அர்த்தம்.

இது எப்படின்னா, இப்ப இருக்குற மீட்டர்ல பலது பேஸ், நியூட்ரல் ரெண்டையும் அளக்கும். ரெண்டுல எது கூடவோ அதைக் கணக்குல எடுத்துக்கும். கரண்டு திருடாம இருக்க வச்ச ஏற்பாடு அது. வயரிங் கலந்து கிடந்தா ஒண்ணுந்தெரியாத குடித்தனக்காரன் தலையில விடியும். மீட்டர்ல எர்த்துன்னு போட்ட இன்னொரு குட்டி லைட் எரிஞ்சா அதுவும் இதுக்கான அடையாளம்தான்.

மெயின் ரெண்டு வயரையும் வெட்டுற மாதிரி டபுள் போலா இருந்தா இந்தச் சோதனையில சிமிட்டு வராது, ஏமாந்துறாதீங்க. அப்படி இருந்தா மெயினைப் போட்டுட்டு உள்ள ஒவ்வொரு லைனுக்கும் இருக்குற சின்ன சுவிட்ச், அதாவது எம்.சி.பி. எல்லாத்தையும் இறக்கிப் பாருங்க. எம்.சி.பி. பேஸை மட்டுந்தான் வெட்டும், நியூட்ரல் அப்படியே இருக்கும்.

கலப்பு எங்க இருக்கும்னா, படிக்கட்டு லைட்டுல. மேல ஒரு சுவிட்ச், கீழ ஒரு சுவிட்ச், பேஸ் ஒரு வீட்டுல, நியூட்ரல் இன்னொரு வீட்டுல எடுத்திருப்பான். இல்லாட்டி இன்வர்ட்டர் லைன். பின்னால இன்வர்ட்டர் வைக்கும்போது எல்லா நியூட்ரலையும் சேர்த்து ஒரே முறுக்கா முறுக்கிட்டுப் போயிருவாங்க. அங்கதான் யூனிட்டு போகும்.

மீட்டர் சரியா ஓடுதான்னும் பார்த்துக்கலாம். மீட்டர் முகப்புல யூனிட்டுக்கு 3,200 சிமிட்டுன்னு போட்டிருக்கா பாருங்க (சிலதுல 1,600). எல்லாத்தையும் நிறுத்திட்டு 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் மட்டும் போடுங்க. 3,200 மீட்டர்ல பத்து சிமிட்டுக்கு 11 வினாடியும் கொஞ்சமும் ஆகணும். 1,600-ல 22 வினாடி. ஒண்ணு ரெண்டு வினாடி முன்னப்பின்ன இருக்கும், வோல்டேஜ் ஏற இறங்க அயர்ன் பாக்ஸும் கூடக் குறைய இழுக்கும். 7 வினாடியிலேயே முடிஞ்சா மீட்டர் மேல சந்தேகப்படலாம். அயர்ன் பாக்ஸ் லைட் அணையுறதுக்குள்ள எண்ணிருங்க, சூடேறினா அதுவே நின்னுரும்.

சீல், மீட்டர் பெட்டி எதையும் தொடாதீங்க. சீல் அறுந்திருந்தா பில்லைவிடப் பெரிய வம்பு.

---

ஆனையூர் மாடிவீடு

அண்ணே, மெயின் ஒத்தை பீஸ் வச்ச பழைய சுவிட்ச்தான். இறக்கிப் பார்த்தேன், சிமிட்டு நிக்கலை. மெதுவா, நிமிஷத்துக்கு நாலஞ்சு. கீழ்வீட்டு மெயினை இறக்குனதும் நின்னுருச்சு. அயர்ன் பாக்ஸ் கணக்கு 11 வினாடிதான், மீட்டர் நல்லாருக்கு. இதை ஈபி-யில சொல்லிப் பில்லைக் குறைக்க முடியுமா?

---

பீஸ்கட்டை

முடியாது தம்பி. மீட்டருக்கு இந்தப் பக்கம் இருக்குற வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. ஈபி மீட்டர் காட்டுனதைத்தான் எழுதும். நீங்க வீட்டுக்காரர்ட்ட பேசி வாடகையில கழிச்சுக்கிறதுதான் வழி.

நிமிஷத்துக்கு நாலஞ்சு சிமிட்டுன்னா 3,200 மீட்டர்ல 75-ல இருந்து 95 வாட். அதுவே நாள் பூரா ஓடுனா 67 நாள்ல 120 யூனிட்டைத் தாண்டும். ஆனா கீழ ஓடுறதைப் பொறுத்து ஏறி இறங்கும், உங்க வீட்டுல லோடு போட்டிருக்கும்போது கணக்கே மாறும். அதனால 81-ஐ அப்படியே இதுல எழுத முடியாது. இருந்தாலும் பெரும்பங்கு இதுதான்.

சரிபண்ண எலக்ட்ரீசியனுக்குச் சொல்ல வேண்டியது: ரெண்டு வீட்டு நியூட்ரலையும் மீட்டர்ல இருந்து கடைசி சுவிட்ச் பாக்ஸ் வரைக்கும் தனித்தனியாப் பிரி, இன்வர்ட்டர் நியூட்ரலைக் கீழ்வீட்டோட நிறுத்து, படிக்கட்டு லைட்டுக்குப் பேஸும் நியூட்ரலும் ஒரே வீட்டுல இருந்து எடு. முடிச்சதும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிஞ்சா தானா வெட்டுற சுவிட்ச்) ஒண்ணு உங்க லைன்ல மாட்டச் சொல்லுங்க. நியூட்ரல் எங்கயாவது கலந்தே கிடந்தா அது நிக்காது, உடனே டிரிப் ஆகும். "ஆர்.சி.சி.பி. சும்மா சும்மா விழுது, கழட்டிருவோம்"னு சொல்ற ஆளை மாத்திருங்க. அது விழுறதே கோளாறைக் காட்டத்தான். ஷாக் அடிச்சா உயிரைக் காப்பாத்துறதும் அதுதான்.

---

செல்லூர் அக்கா

இடையில ஒரு கேள்வி. எங்க தெருவுல நிறைய வீட்டுல ஒரே ஈபி மீட்டர், உள்ள மூணு குடித்தனம், சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குறாங்க. கேட்டா "ஈபி-யே எங்கிட்ட 9.45 வாங்குறான்"ங்கிறாங்க. இது சரியா?

---

கணக்குப்புள்ளை

9.45 என்பது 601 முதல் 800 வரை உள்ள யூனிட்டுக்கு. எல்லா யூனிட்டுக்கும் இல்லை. மூன்று குடித்தனம் ஆளுக்கு 300, மொத்தம் 900 யூனிட் என்று வையுங்கள். வீட்டுக்காரர் கட்டும் பில் 5,820 ரூபாய், அதாவது சராசரி யூனிட்டுக்கு 6.47. அவர் வசூலிப்பது 8,100. நடுவில் 2,280 நிற்கிறது. மோட்டர், பொது விளக்குச் செலவு இதே மீட்டரில் இருந்தால் அதை இதில் கழித்துப் பார்ப்பது நியாயம்.

அதைவிடப் பெரிய விஷயம்: மூன்று குடித்தனத்துக்கும் தனித்தனி ஈபி இணைப்பு இருந்தால், 300 யூனிட்டுக்கு ஆளுக்கு 705 ரூபாய்தான். மூன்றும் சேர்த்து 2,115. ஒரே மீட்டரில் இருப்பதால் இரண்டு பேரின் 100 இலவச யூனிட்டும், மூன்று பேரின் அரை விலை 100 யூனிட்டும் போய், மேல் ஸ்லாப் விலையும் சேர்ந்துகொள்கிறது. யாருக்கும் லாபமில்லாத 3,705 ரூபாய் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈபி-க்குப் போகிறது. வீட்டுக்காரரிடம் இந்த எண்ணைக் காட்டிப் பேசுங்கள். ரேட்டைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போடுவதைவிட இது எடுபடும்.

தனி இணைப்புக்கு அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும், அல்லது குடித்தனக்காரர் அவருடைய சம்மதக் கடிதத்தோடு விண்ணப்பிக்கலாம். போர்ஷன்களுக்கு நடுவே நிரந்தரத் தடுப்பும் தனித்தனி வயரிங்கும் இருக்கிறதா என்று நேரில் வந்து பார்ப்பார்கள். ஒரே குடும்பம் ஒரே வீட்டில் யூனிட்டைப் பிரிக்க இரண்டாவது இணைப்பு கேட்டால் அது நிற்காது.

தனி மீட்டர் இருந்தும் வீட்டுக்காரரிடம் காசு கொடுப்பவர்கள் அதை நிறுத்துங்கள். ஈபி அட்டையில் இருக்கும் இணைப்பு எண்ணை வாங்கிக்கொண்டால் போதும், மதுரை மண்டலத்துக்கு 05 என்று தொடங்கும். அந்த எண்ணைப் போட்டால் யார் வேண்டுமானாலும் பில்லைப் பார்க்கலாம், கட்டலாம்.

வீட்டிலேயே கைத்தறி போட்டிருப்பவர்கள் செல்லூர்ப் பக்கம் இருந்தால் வேறு கணக்கு. கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம் என்று 2023-ல் உயர்த்தினார்கள், அதற்கு முன் 200. விசைத்தறிக்கு 750 ஆக இருந்தது 1,000 ஆனது. தறி ஓடியும் சாதாரண வீட்டு இணைப்பிலேயே கட்டிக்கொண்டிருந்தால், கைத்தறித் துறை அலுவலகத்தில் கேட்டு, இணைப்பின் வகையை மாற்ற பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

---

மனு எழுத்தர்

தவணைக் கேள்விக்கு வருகிறேன், தம்பி அதைக் கேட்டு யாரும் பதில் சொல்லவில்லை.

ஏழைக் குடும்பத்துக்கென்று பில்லைத் தள்ளுபடி செய்யும் தனித் திட்டம் எதுவும் மின்வாரியத்தில் இல்லை. முதல் 100 யூனிட், 200 வரை அரை விலை, குடிசை இணைப்பு, தறி இணைப்பு, இவ்வளவுதான் உதவி. மற்றதெல்லாம் கால அவகாசம் வாங்கும் வேலை.

ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள் கெடு. உங்களுக்கு ஜூலை 24. கெடுவுக்கு முன்பே போவது முக்கியம். பீஸைப் பிடுங்கிய பிறகு போனால் மறு இணைப்புக் கட்டணமும் தாமதக் கட்டணமும் சேரும். பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் பெயருக்கு ஒரு பக்க மனு: இணைப்பு எண், பில் தொகை, எத்தனை தவணை, ஒவ்வொன்றும் எந்தத் தேதி. "சிரமமாக உள்ளது, உதவவும்" என்று மட்டும் எழுதினால் கோப்பில் கிடக்கும். "1,500 ரூபாய் ஜூலை 22, மீதி ஆகஸ்ட் 8" என்று எழுதினால் முடிவு சொல்ல முடியும். தவணை கொடுப்பது அவர்கள் விருப்பம், உங்கள் உரிமை இல்லை. சாதாரண இருமாத பில்லுக்குக் கிடைப்பது அரிது. பழுதான மீட்டருக்காகப் பின்னோக்கிப் போட்ட பெரிய தொகை, விட்டுப்போன பாக்கி போன்றவற்றுக்கு எளிதாகக் கிடைக்கும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பில்லே தவறு என்று தகராறு இருந்தால் நிலைமை வேறு. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56-இன்படி இணைப்பைத் துண்டிக்க 15 முழு நாள் எழுத்துபூர்வ அறிவிப்பு வேண்டும். ஆட்சேபத்தோடு முழுத் தொகையையோ, அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிக் கட்டணத்தையோ, இரண்டில் குறைவானதைக் கட்டிவிட்டால் தகராறு தீரும்வரை துண்டிக்க முடியாது. "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்ற வார்த்தை மனுவில் இருக்க வேண்டும். உங்கள் பில்லில் தவறு இல்லை என்று மேலே இருவரும் காட்டிவிட்டார்கள், ஆகவே இது உங்களுக்கு உதவாது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

மீட்டர் நின்றுபோயோ பழுதாகியோ இருந்தால், அந்தக் காலத்துக்கு முந்தைய நான்கு மாதச் சராசரியைப் போடுவார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மீட்டர் ஆகஸ்டில் நின்றால் முந்தைய நான்கு மாதம் ஏப்ரல் முதல் ஜூலை, ஏசி ஓடிய காலம். பயன்பாட்டுச் சூழல் வேறாக இருந்தால், கடந்த 12 மாதத்தில் அதே சூழல் இருந்த தொடர்ச்சியான நான்கு மாதத்தை எடுக்க மின்வழங்கல் விதித்தொகுப்பில் இடம் உண்டு. கேட்டால்தான் எடுப்பார்கள். பழைய பில்களை வைத்து எந்த நான்கு மாதம் என்று நீங்களே எழுதிக் கேளுங்கள்.

வீடு பூட்டிக் கிடந்து ரீடிங் எடுக்காமல் போனால் முந்தைய பில் தொகையையே போடுவார்கள். அடுத்த ரீடிங்கில் நான்கு மாத யூனிட் மொத்தமாக வரும். அதை இரண்டு சுழற்சிக்கும் சரிபாதி பிரித்துத்தான் ஸ்லாப் போட வேண்டும். 800 யூனிட்டை 400 + 400 என்று போட்டால் 2,350 ரூபாய். ஒரே சுழற்சியாகப் போட்டால் 4,770. பில் வந்ததும் முதலில் இதைப் பாருங்கள்.

எங்கே போவது: முதலில் பிரிவு அலுவலகம், அல்லது மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987. மின்னகத்தில் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே தீராவிட்டால் செயற்பொறியாளர் அலுவலகத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் குறைதீர் கூட்டம்; மேற்பார்வைப் பொறியாளரே வருவார், தேதி நாளிதழில் வரும். பில் தகராறுக்கு அந்தக் கூட்டம்தான் வேகமான வழி என்பது என் எண்ணம். அதுவும் ஆகாவிட்டால் வட்டத்தில் இருக்கும் மின்நுகர்வோர் குறைதீர் மன்றம். போகுமுன் உங்கள் பிரிவு மதுரைப் பெருநகர் வட்டமா, மதுரை வட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், மாற்றிக் கொடுத்தால் மனு அலைந்துகொண்டே இருக்கும். மன்றத்தின் ஆணை பிடிக்காவிட்டால் சென்னை கிண்டியில் இருக்கும் மின் குறைதீர்ப்பாளர். இவற்றுக்கு வக்கீல் வேண்டாம்.

"இன்றிரவு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழைக்கவும்" என்று குறுஞ்செய்தி வந்தால் அது திருட்டு. துண்டிப்பதற்குச் சட்டம் கேட்பது என்ன என்று மேலே பார்த்தீர்கள்.

---

ஆனையூர் மாடிவீடு

மிக்க நன்றிங்க. வீட்டுக்காரர் நியூட்ரலைப் பிரிக்க ஒத்துக்கிட்டார். பில்லை இந்தத் தடவை எப்படியாவது கட்டிருவேன். 500-க்குள்ள நிறுத்த என்ன பண்ணணும்னு மட்டும் சொல்லுங்க. புது ஏசி வாங்குற நிலைமை இல்லை.

---

கணக்குப்புள்ளை

உங்கள் 531 யூனிட் 67 நாளுக்கு. 60 நாளுக்கு 475, பில் 1,647 ரூபாய். கலப்பு நீங்கி, ரீடிங் ஆள் நேரத்துக்கு வந்தால் ஏற்கெனவே 500-க்குள்தான் இருக்கிறீர்கள். இடைவெளி 25 யூனிட் மட்டும், மே மாதத்தில் அது போதாது.

மலிவான வழி ஃபேன். 75 வாட் ஃபேனுக்குப் பதில் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டர் உள்ளது) போட்டால், பத்து மணி நேரக் கணக்கில் ஒரு சுழற்சிக்கு 27 யூனிட் குறையும். படுக்கையறை ஃபேன் இன்னும் அதிக நேரம் ஓடும் என்பதால் முதலில் அதை மாற்றுங்கள். மூன்றையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. வாடகை வீடு என்பதால் பழைய ஃபேனைக் கழற்றி வைத்திருங்கள். காலி செய்யும்போது அதை மாட்டிவிட்டுப் புதியதை எடுத்துப் போகலாம்.

ஏசியை 24-க்குக் கீழே இறக்காதீர்கள், ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. பின்னால் ஏசி வாங்கும்போது ஸ்டாரை மட்டும் பார்க்காதீர்கள். ஸ்டிக்கரில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கும், அது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. 1,100 என்று இருந்தால் மணிக்கு 0.69 யூனிட். மதுரை மே வெயிலில் அதற்கு மேல்தான் ஓடும், ஆனாலும் இரண்டு ஏசியை ஒப்பிட இது போதும்.

நடுச்சுழற்சியில், அதாவது 30-ஆம் நாள், மீட்டரில் யூனிட்டைப் பார்த்துக் குறித்துவையுங்கள். 240-ஐத் தாண்டியிருந்தால் மீதி முப்பது நாளில் ஏசி நேரத்தைக் குறைக்க அவகாசம் இருக்கும். 55-ஆம் நாள் 495-ல் நிற்பதைப் பார்த்துப் பயனில்லை.

---

மனு எழுத்தர்

பணம் ஒரே நேரத்தில் புரட்டுவதுதான் சிரமம் என்றால் முன்பணம் கட்டும் வசதி இருக்கிறது. செயலியிலோ கவுண்டரிலோ உங்களால் முடிந்த தொகையை மாதாமாதம் கட்டிவையுங்கள், பில் வரும்போது தானாகக் கழிந்துவிடும். ஆனால் அந்தப் பணம் இணைப்பின் பெயரில் நிற்கும், உங்கள் பெயரில் அல்ல. வீடு காலி செய்யப்போகும் சுழற்சியில் முன்பணம் போடாதீர்கள், அடுத்து வருகிறவர் பில்லுக்குப் போய்விடும். காலி செய்யும் நாளில் மீட்டரைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி, அந்த யூனிட் வரைக்கும் கணக்கை முடித்துக்கொள்ளுங்கள்.

---

செல்லூர் அக்கா

வீட்டுக்காரங்க சோலார் போட்டா இந்த 500 பிரச்சினையே இருக்காதாமே, மானியம் எவ்வளவு?

---

பீஸ்கட்டை

பி.எம். சூர்யா கர் திட்டத்துல ஒரு கிலோவாட்டுக்கு 30,000, ரெண்டுக்கு 60,000, மூணு அல்லது அதுக்கு மேல எவ்வளவு போட்டாலும் 78,000 ரூபாய் அக்கா. ஒரு கிலோவாட் நாளுக்கு நாலு யூனிட் பக்கம் தரும், ரெண்டு மாசத்துக்கு 240. 700 யூனிட் ஓடுற வீட்டுக்கு ஒரு கிலோவாட்டே போதும், 460-க்கு வந்துரும். பில் 3,825-ல இருந்து 1,553 ஆகும். 300 யூனிட் ஓடுற வீட்டுக்கு வேண்டாம், 705 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போட்ட காசு வர ரொம்ப வருஷம் ஆகும். மாடியில தண்ணித் தொட்டி நிழல் காலையிலயும் சாயங்காலமும் எங்க விழுதுன்னு பார்த்துட்டுத்தான் பலகை வைக்கிற இடத்தை முடிவு பண்ணணும், ஒரு ஓரத்துல நிழல் விழுந்தாலும் வரிசை மொத்தமும் படுத்துரலாம்.